பனிக்காலத்தில் டொரண்டோ – சட்பரி கார்ப் பயணம்: டயரா, ஏ.டபிள்யூ.டி.யா? காரில் என்னென்ன வைத்துக்கொள்வது?

கோவைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் எனக்கு இது முதல் பனிக்காலம். வேலை சட்பரியில் கிடைத்திருக்கிறது. மனைவியும் மூன்று வயது மகளும் டொரண்டோவின் ஸ்காபரோ பகுதியில் மைத்துனர் வீட்டில் இருக்கிறார்கள். வீடு பார்த்து அவர்களைக் கூட்டிப்போகும்வரை மாதத்துக்கு இரண்டு தடவையாவது வந்துபோக வேண்டும். ஒரு வழிக்கு ஏறக்குறைய 400 கி.மீ. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பினால் பெரும்பகுதி இருட்டில்தான்.

வண்டி 2015 கொரோலா. இருப்பது ஆல் சீசன் டயர். ஆபீஸில் ஒருவர், "இதைக் கொடுத்துவிட்டு ஏ.டபிள்யூ.டி. (நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ள) எஸ்.யூ.வி. ஒன்று எடுத்துவிடு, டயர் மாற்றும் தொல்லையே இல்லை" என்கிறார். இன்னொருவர் வின்டர் டயர் போட்டால் போதும் என்கிறார். கடைகளில் அவசரப் பை என்று ஒரு சிவப்புப் பை விற்கிறார்கள், அதை வாங்கி டிக்கியில் போட்டால் சரியாகிவிடுமா? கல்லட்டி மலைப்பாதையில் ஓட்டிய பழக்கம் உண்டு. ஐஸ் மேல் ஓட்டியதே இல்லை.

பழைய ஸ்காபரோ

தம்பி, எஸ்.யூ.வி. யோசனையை இப்போதைக்கு விடுங்கோ. நாலு சில்லுக்கும் இழுவை போனால் வண்டி வெளிக்கிடும், மேட்டில் ஏறும், அவ்வளவுதான். பிரேக்குக்கு எல்லாக் காரிலும் நாலு சில்லுத்தான். வண்டியை நிற்பாட்டுவது ரயர். இதிலே ஒரு கெடுதலும் இருக்கு: ஏ.டபிள்யூ.டி. சறுக்காமல் வேகம் எடுக்கும், அதனால் வீதி எவ்வளவு வழுக்குது என்று ஓட்டுகிறவருக்கே விளங்காது. பிரேக்கில் கால் வைக்கும்போதுதான் விளங்கும். முதல் ஸ்நோ கொட்டின அன்று பரி (Barrie) நகருக்குப் பக்கம் 400 நெடுஞ்சாலையில் போய்ப் பாருங்கோ, பள்ளத்துக்குள்ளே எத்தனை பெரிய எஸ்.யூ.வி. கிடக்குது என்று.

வெப்பம் 7 பாகைக்குக் கீழே போனால் ஆல் சீசன் ரயரின் றப்பர் இறுகத் தொடங்கும். பிடிப்பு குறைவது ஸ்நோ விழுந்த பிறகு இல்லை, அதற்கு முன்னமே. வாங்கும்போது ரயரின் பக்கத்தில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள்ளே ஒரு பனிப்பூவும் இருக்கிறதா என்று பாருங்கோ. வெறும் எம் பிளஸ் எஸ் (M+S, சேறும் ஸ்நோவும்) என்று எழுதியிருந்தால் அதை நம்ப வேண்டாம். நாலும் மாற்ற வேண்டும். காசு மிச்சம் என்று முன்னுக்கு மட்டும் இரண்டு போட்டால், வளைவில் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் உங்களை முந்தப் பார்க்கும்.

பாவித்த ரயர் வாங்கினால் ஒரு டூனி (இரண்டு டொலர்) நாணயத்தை எடுத்துப் பள்ளத்துக்குள்ளே நிமிர்த்தி வைத்துப் பாருங்கோ. வெளியே இருக்கும் வெள்ளி வளையத்தின் அகலம் ஐந்தரை மி.மீ. அளவு. அந்த வளையம் முழுக்க உள்ளே மறைந்தால் இன்னும் ஒரு சீசனுக்கு வரும். பாதிதான் மறையுது என்றால் ஸ்நோவுக்கு அந்த ரயர் சரிவராது, விற்கிறவர் என்ன சொன்னாலும்.

சும்மா கேட்கிறேன்

மன்னிக்கவும், எல்லோரும் பயமுறுத்துகிறீர்களோ என்று தோன்றுகிறது. நான் பல வருஷமாக ஆல் சீசனிலேயே 401-இல் தினமும் போய்வருகிறேன். ஒன்டாரியோவில் வின்டர் டயர் சட்டப்படி கட்டாயமும் இல்லை. இதெல்லாம் டயர் கடைக்காரர்களுக்குத்தான் லாபம்.

பிரேக் ஆயில்

கராஜில் வேலை பார்க்கிறேன், அதனால் "கடைக்காரர்களுக்கு லாபம்" என்பதற்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன். வின்டர் டயர் ஓடும் மாதங்களில் ஆல் சீசன் டயர் தேயாமல் கிடக்கிறது. இரண்டு செட்டும் சேர்ந்து இரண்டு மடங்கு காலம் வரும். கூடுதல் செலவு ரிம்முக்குத்தான். தனி ஸ்டீல் ரிம் வாங்கிவிட்டால் ஒவ்வொரு சீசனும் டயரைக் கழற்றி மாட்டும் கூலி மிச்சம். 2016 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் எல்லா இன்சூரன்ஸ் கம்பெனியும் வின்டர் டயருக்குத் தள்ளுபடி கொடுக்க வேண்டும். பெரிய தொகை இல்லை, பெரும்பாலும் 5 சதவீதத்துக்குள். ஆனால் நீங்கள் கேட்டால்தான் கொடுப்பார்கள்.

சட்டம் பற்றி: கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப்பக்கச் சாலைகள் பலவற்றில் அக்டோபர் 1 முதலே வேண்டும். ஒன்டாரியோவில் இல்லை, உண்மை. ஆனால் நீங்கள் ஓட்டும் 401 உப்பு போட்டு, வழித்து, ஆயிரம் கார் ஓடிக் காய்ந்த ரோடு. கோவைக்காரர் போகப்போவது அது இல்லை. பரி தாண்டியதும் ஹூரான் ஏரியின் ஜார்ஜியன் விரிகுடாவிலிருந்து வரும் பனிப்பொழிவு. ஏரித் தண்ணீர் இன்னும் உறையாமல் இருக்க, மேலே குளிர்காற்று அடித்தால், ஈரத்தை அள்ளி வந்து ஒரு பட்டையாகக் கொட்டும். ஒரு இடத்தில் வெயில், அடுத்த ஐந்து கி.மீ.யில் முன்னால் போகும் காரின் விளக்குகூடத் தெரியாது. 2014 பிப்ரவரியில் 400-இல் இன்னிஸ்ஃபில் பக்கம் ஏறத்தாழ நூறு வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதியது இப்படிப்பட்ட கண்ணை மறைக்கும் பனிப்பொழிவில்தான்.

கோவைக்காரரே, உங்கள் கொரோலா போதும். டயர் தவிர பார்க்க வேண்டியவை:

பேட்டரி. எத்தனை வருஷப் பழசு? நாலைந்து வருஷம் ஆகியிருந்தால் லோட் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். மைனஸ் 18-இல் பேட்டரியின் பலம் பாதிக்கும் கீழே போய்விடும், அதே நேரம் எஞ்சின் ஆயில் கெட்டியாகி இரண்டு மடங்கு பலம் கேட்கும். ஸ்காபரோவில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆன வண்டி சட்பரியில் ஒரு காலையில் "டிக் டிக்" என்று மட்டும் சத்தம் போட்டு செல்ஃப் எடுக்காமல் நிற்கும். முழுக்க இறங்கிய பேட்டரி உள்ளே உறைந்தும் போகும். பக்கவாட்டில் உப்பியிருந்தால் பூஸ்டர் கொடுக்கவே கூடாது, வெடிக்கும்.

கூலன்ட். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தது மைனஸ் 37 வரை தாங்கும். "குளிருக்குத் தண்ணீர் கலக்காமலே ஊற்றுங்கள்" என்று ஒரு வாடிக்கையாளர் வருஷாவருஷம் கேட்கிறார். கலக்காத கிளைக்கால் (கூலன்ட்டின் மூலப்பொருள்) மைனஸ் 13 அளவிலேயே உறையத் தொடங்கும். கலவைதான் தாங்கும்.

கண்ணாடி கழுவும் திரவம். மைனஸ் 40 என்று எழுதியிருக்கும் நீலத் திரவம்தான் வேண்டும். உப்பு ரோட்டில் லாரி பின்னால் போனால் ஒரு பயணத்திலேயே பாதித் தொட்டி காலியாகும், ஒரு கேன் கூடவே இருக்கட்டும். அது மெத்தனால், விஷம். மகள் இருக்கிறாள், கேனைக் காலடியில் வைக்காதீர்கள்.

காற்று. வெப்பம் 5, 6 டிகிரி குறைந்தால் டயரில் 1 பி.எஸ்.ஐ. குறையும். 22 டிகிரி கராஜுக்குள் 33 அடித்துவிட்டு வெளியே மைனஸ் 23-இல் நின்றால் 8 பி.எஸ்.ஐ. காணாமல் போயிருக்கும். பஞ்சர் என்று ஸ்டெப்னியைக் கழற்றிவிட வேண்டாம், முதலில் காற்று அடித்துப் பாருங்கள்.

எட்மன்டன்வாசி

மைனஸ் 18-க்கே இவ்வளவு பேச்சா! 🙂 இங்கே அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் காருக்குப் பக்கத்திலேயே கம்பத்தில் கரன்ட் பிளக் இருக்கும், எஞ்சினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டரைச் சொருகத்தான். சட்பரியும் சில நாள் மைனஸ் 30-ஐத் தொடும். உங்கள் காரின் கிரில்லுக்குப் பின்னால் ஒரு சின்ன பிளக் தொங்குகிறதா என்று பாருங்கள். இருந்தால் மைனஸ் 15-க்குக் கீழே போகும் இரவுகளில் சொருகலாம். ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டாம், டைமர் வைத்துக் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஆனால் போதும். குளிருக்கென்றே செய்த தடித்த எக்ஸ்டென்ஷன் வயர் வாங்குங்கள், வீட்டுக்குள் உபயோகிக்கும் வயர் குச்சி மாதிரி விறைத்து உடையும். பிளக்கைக் கழற்றாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர்களை இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அனு, சட்பரி

நான் மருத்துவமனையில் இரவு ஷிப்ட் பார்க்கிறவள். இந்த ரோட்டில் எல்லாக் காலத்திலும் போய்வந்திருக்கிறேன். டயரைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் அந்தச் சிவப்புப் பை பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

அந்தப் பையைச் செய்தவர்கள் கார் கெட்டுப்போவதை நினைத்துச் செய்திருக்கிறார்கள். இந்த ரோட்டில் கார் நன்றாகவே இருக்கும், நீங்கள்தான் உட்கார்ந்திருக்க வேண்டி வரும். முன்னால் எங்கோ ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்திருக்கும். போலீஸ் ரோட்டை மூடிவிடும். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் திரும்ப முடியாது. நாலு மணி நேரம், ஆறு மணி நேரம். 2010 டிசம்பரில் லண்டனுக்கும் சார்னியாவுக்கும் நடுவே 402-இல் முந்நூறு வண்டிகளுக்கு மேல் பனியில் மாட்டிக்கொண்டன. சிலர் ஒரு நாளுக்கு மேல் காரிலேயே இருந்தார்கள், ராணுவ ஹெலிகாப்டர் வந்து தூக்கியது. அது காட்டுப்பாதை இல்லை, தெற்கு ஒன்டாரியோவின் நல்ல நெடுஞ்சாலை. "சும்மா கேட்கிறேன்" இதைக் கவனிக்கவும்.

ஆகவே பை, காருக்குள் ஓர் இரவு உட்கார்வதற்கானதாக இருக்க வேண்டும். நான் வைத்திருப்பது: ஆளுக்கு ஒரு கம்பளி அல்லது பழைய ஸ்லீப்பிங் பேக். கூடுதல் கையுறை, காலுறை, குல்லா (முதல் ஜோடி நனைந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்). தலையில் மாட்டும் டார்ச், ஏனென்றால் ஒரு கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பனி அள்ள முடியாது. பவர் பேங்க், அதுவும் கோட்டின் உள்பையில். குளிரில் போன் 40 சதவீதத்திலிருந்து நேராக அணைந்துவிடும். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு நாள் மாத்திரை. மகளுக்கு டயப்பர், மாற்றுத்துணி. தண்ணீர் பாட்டிலை முக்கால் மட்டும் நிரப்புங்கள், உறைந்தால் வெடிக்காது. ஃபிளாஸ்கில் வெந்நீர். சாப்பிட எள்ளுருண்டை, முறுக்கு, முந்திரி. கடையில் விற்கும் கிரனோலா பார் குளிரில் செங்கல்லாகிவிடும், பல் போகும்.

டிக்கியில் போடாதீர்கள் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. டிக்கியின் பூட்டு உறையும். பின்னால் ஒரு வண்டி வந்து இடித்தால் திறக்காது. பள்ளத்தில் இறங்கினால் இடுப்பளவு பனியில் சுற்றிப்போய் எடுக்க வேண்டும். பை பின்சீட்டில், சின்ன ஷவல் முன்சீட்டின் பின்னால். ஷவல் இல்லாமல் கதவைத் திறந்து இறங்கி டிக்கிவரை போவதே பெரும்பாடு.

மகளைப் பற்றி ஒரு வார்த்தை. பஞ்சுபோல் உப்பிய ஜாக்கெட்டோடு குழந்தையைக் கார் சீட்டில் கட்டாதீர்கள். பெல்ட் இறுக்கமாக இருப்பதுபோலத் தெரியும், மோதினால் ஜாக்கெட் நசுங்கிப் பெல்ட் தொளதொளவென்று ஆகிவிடும். மெல்லிய சட்டை போட்டுக் கட்டிவிட்டு, ஜாக்கெட்டை மேலே போர்த்துங்கள்.

பழைய ஸ்காபரோ

அனு பிள்ளை சொன்னதுக்கு மேலே ஒன்று. எங்கட ஆட்கள் ஜனவரியில் கலியாண மண்டபத்துக்குப் பட்டுச் சேலையோடும் வேட்டியோடும், காலில் செருப்போடும் காரில் ஏறுவினம். கராஜில் இருந்து மண்டபம்வரை ஹீட்டர் தானே என்று. நடுவழியில் கார் நின்றால்? எல்லாருடைய கோட்டும் பூட்ஸும் காருக்குள்ளே கிடக்கட்டும், போடாவிட்டாலும் பரவாயில்லை.

காஸ் (பெற்றோல்) எப்பவும் பாதிக்கு மேலே இருக்க வேண்டும். சட்பரிப் பக்கம் போகும்போது பாரி சவுண்டில் (Parry Sound) நிரப்பிவிட்டுப் போங்கோ, அதற்குப் பிறகு ஸ்டேஷன்கள் தூரத் தூரம்.

சும்மா கேட்கிறேன்

402 விஷயம் எனக்குத் தெரியாது. சரி, பை வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் மாட்டிக்கொண்டால் எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டு உட்கார்ந்தால் போதாதா? எதற்கு இத்தனை கம்பளி?

பிரேக் ஆயில்

அங்கேதான் ஆட்கள் சாகிறார்கள். காற்று அடித்துக் கொட்டும் பனி கார் பின்னால் குவிந்து சைலன்சர் வாயை அடைக்கும். புகை வெளியே போக வழியில்லாமல் காருக்குள் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கம் வருகிறது என்று நினைப்பீர்கள்.

எஞ்சினை ஆன் செய்யும் ஒவ்வொரு தடவையும் முதலில் இறங்கி சைலன்சர் பக்கம் பனியை வழித்துவிட வேண்டும். மணிக்குப் பத்து நிமிஷம் ஓட்டினால் போதும். காற்று அடிக்காத பக்கத்து ஜன்னல் ஒரு விரல் அகலம் திறந்திருக்கட்டும். கொரோலா மாதிரி வண்டி சும்மா நின்று ஓட மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும். பத்துப் பத்து நிமிஷமாக ஓட்டினால் பாதித் தொட்டியில் ஒரு ராத்திரி தாராளம். மீதி ஐம்பது நிமிஷத்துக்குத்தான் கம்பளி.

காரை விட்டு நடந்து போகக் கூடாது. ஐம்பது அடி தள்ளிப் போனால் திரும்பிவர வழி தெரியாத காற்று அது. 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் பஃபலோவில் அடித்த புயலில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள், நகரத்துக்குள்ளேயே. அவர்களில் சிலர் காரில், சிலர் வெளியே.

அனு, சட்பரி

ஒரு தகர டப்பாவில் தடித்த மெழுகுவர்த்தி, தீப்பெட்டி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். நானும் வைத்திருக்கிறேன். ஒரு திரி எரிந்தாலே கார் உள்ளே கை விறைப்பது குறையும்.

பிரேக் ஆயில்

எனக்கு அதில் உடன்பாடில்லை. குழந்தை உள்ள காரில், கம்பளி சுற்றி உட்கார்ந்திருக்கும்போது திறந்த தீயா? ஜன்னல் மூடியிருந்தால் அதுவும் காற்றைக் கெடுக்கும். கையைச் சூடாக்கும் சின்னப் பைகள் ஒரு பெட்டி வாங்கி வைத்தால் போதாதா.

அனு, சட்பரி

காஸ் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்பதற்குச் சொன்னேன். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்பது சரி. குழந்தை இருந்தால் வேண்டாம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். தனியாகப் போகும்போது நான் வைத்துக்கொள்வேன்.

மின்வண்டி

எலெக்ட்ரிக் காரிலும் இதே ரோட்டில் போகிறேன். குளிரில் ஓடும் தூரம் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை குறையும், மறுப்பதற்கில்லை. கிளம்பும் முன் சார்ஜரில் மாட்டியபடியே உள்ளே சூடாக்கிக்கொள்கிறேன், வழியில் பரியில் ஏற்றிக்கொள்கிறேன். மாட்டிக்கொண்டால் இதில் ஒரு வசதி: புகையே கிடையாது, ஜன்னலை மூடிக்கொண்டு உட்காரலாம். 35 யூனிட் மின்சாரம் மீதம் இருந்து ஹீட்டர் மணிக்கு ஒன்றரை யூனிட் எடுத்தால் இருபது மணி நேரத்துக்கு மேல் வரும். சீட் ஹீட்டர் மட்டும் போட்டால் இன்னும் கூட. அதற்காக 15 சதவீதத்தில் பாரி சவுண்டைத் தாண்டுவது பைத்தியக்காரத்தனம்.

கோவைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. பாரி சவுண்டுக்கு மேலே போன் சிக்னல் எப்படி? சறுக்கினால் என்ன செய்வது? டிக்கியில் மணல் மூட்டை வைக்கச் சொல்லி ஒருவர் சொன்னார், வைக்கலாமா?

பிரேக் ஆயில்

மணல் மூட்டை பின்சக்கர இழுவை உள்ள பழைய பிக்கப் ட்ரக்குக்கு. உங்களுடையது முன்சக்கர இழுவை, டிக்கியில் பாரம் வைத்தால் முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் பிடிப்புதான் குறையும். மாட்டிக்கொண்டால் சக்கரத்தடியில் தூவ ஒரு சின்ன டப்பாவில் மணல் அல்லது பூனைக்குப் போடும் களிமண் துகள் போதும். களிமண்ணில் கட்டிப்படும் வகை வேண்டாம், ஈரம் பட்டுச் சேறாகிவிடும்.

சறுக்கினால் கால் இரண்டையும் எடுத்துவிட்டு, போக வேண்டிய பக்கம் கண்ணை வைத்து அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இருங்கள், கடகடவென்று காலில் அதிரும், எடுத்துவிடாதீர்கள். இதை ரோட்டில் கற்றுக்கொள்ள வேண்டாம். முதல் பனி விழுந்ததும் ஞாயிறு காலையில் காலியான பார்க்கிங் இடம் ஒன்றில் மெதுவாகப் போய்ப் பிரேக் அடித்துப் பாருங்கள்.

இன்னொன்று. பகலில் தானாக எரியும் முன்விளக்கை நம்பாதீர்கள். பல பழைய கார்களில் அது எரியும்போது பின்விளக்கு எரியாது. பனியில் பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். கையால் முழு விளக்கையும் போடுங்கள்.

அனு, சட்பரி

சிக்னல் இடையிடையே போகும். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் ஒன்டாரியோ 511 என்ற ரோடு நிலவரத் தளத்தைப் பாருங்கள், எந்த ரோடு மூடியிருக்கிறது, எங்கே பனி மூடிக்கிடக்கிறது எல்லாம் அதில் தெரியும். ரோடு மூடினால் ஜி.பி.எஸ். உடனே ஒரு கிராமத்துப் பாதையைக் காட்டும். அதில் இறங்காதீர்கள். நெடுஞ்சாலையே மூடும் நாளில் அந்தப் பாதையை வழிக்க யாரும் வந்திருக்க மாட்டார்கள். நீல விளக்கு மின்னும் பனி வழிக்கும் வண்டி முன்னால் போனால் அதன் பின்னாலேயே மெதுவாகப் போங்கள், அதற்கு முன்னால்தான் ரோடு மோசம்.

எந்த நேரம் கிளம்புகிறீர்கள், எந்த வழி, எப்போது சேருவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். வெள்ளி ராத்திரி எச்சரிக்கை இருந்தால் சனி காலை போங்கள். வீட்டில் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

கோவைக்காரன்

ஸ்டீல் ரிம்மோடு நாலு வின்டர் டயர் சொல்லிவிட்டேன், அடுத்த வாரம் மாட்டுகிறார்கள். முதல் பனி விழுந்தபிறகு வந்திருந்தால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்றார் கடைக்காரர். பேட்டரியும் மாற்றுகிறேன். கிரில்லுக்குப் பின்னால் பிளக் இருக்கிறது! சிவப்புப் பை வாங்கவில்லை, பேட்டரிக்குப் பூஸ்டர் கொடுக்கும் கேபிள் மட்டும் தனியாக வாங்கினேன். கழற்றிய டயர்களை எங்கே வைப்பது? அபார்ட்மென்டில் இடமில்லை.

பிரேக் ஆயில்

பல கடைகளில் சீசனுக்கு ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு அவர்களே வைத்துக்கொள்வார்கள், கேளுங்கள். ரிம் இல்லாத டயரை நிற்கவைக்க வேண்டும், ரிம்மோடு இருப்பதை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம். எது எந்தப் பக்கம் இருந்தது என்று சாக்பீஸால் எழுதிவிடுங்கள்.

மாட்டியபின் 50-லிருந்து 100 கி.மீ. ஓடியதும் மறுபடி போய் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (அளவோடு முறுக்கும் ஸ்பானர்) வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். புது ரிம்மில் நட்டு கொஞ்சம் தளரும். சட்பரி கிளம்பும் முன் ஊருக்குள்ளேயே அந்தத் தூரத்தை ஓட்டி முடித்துவிடுங்கள்.